மேற்குக் கம்பி

ஆனி பாதியிலேயே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கிவிட்டது. சூலூரை ஒட்டிய அந்த வீதியில் எல்லோருக்கும் மாடியில் காயப்போட்ட துணிதான் கவலை. திருமலைசாமிக்கு மட்டும் கவலை அறுபது அடி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் அவர் நிறுத்திய ஆண்டெனா டவர் அது. மூன்று பக்கமும் ஸ்டே கம்பிகள் இழுத்துப் பிடித்திருந்தன. மேற்குக் கம்பி விட்டுப்போனால் டவர் கிழக்கே சாயும். கிழக்கேதான் அவர் மனைவி ரங்கநாயகி படுக்கும் அறை.

அந்த மேற்குக் கம்பியின் முளை இருந்தது பக்கத்து வீட்டு ராசப்பன் இடத்தில். இடம் காலியாகக் கிடந்த காலத்தில் பழைய சொந்தக்காரரிடம் கேட்டு அடித்தது. ராசப்பன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் அந்த இடத்தை வாங்கி வீடு கட்டினார். "வேனுக்கு ஒரு ஷெட் போடோணுங்க சார். இந்த முளையக் கொஞ்சம் தள்ளி அடிச்சுக்கலாமுங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லித் திருமலைசாமி அதை மறந்தே போனார். ஆனால் ராசப்பன் மறக்கவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

காற்று பிடித்த முதல் வாரம் கம்பி லேசாகத் தளர்ந்தது. போன மாதம் மாற்றிய கம்பி, கொஞ்சம் இழுபடத்தான் செய்யும். முளையையும் கம்பியையும் இணைக்கும் திருகை இறுக்கப் போனவர், திருகின் நடுவே பூட்டாகக் கோத்திருந்த சிறு கம்பியைக் குறடால் வெட்டி வீசினார். காற்று காலம் முடியும் மட்டும் அடிக்கடி இறுக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் அதை யார் பிரித்துக் கட்டிக்கொண்டிருப்பது என்ற சலிப்பு.

அதன் பிறகு காலையில் இறுக்கினால் சாயங்காலம் இரண்டு சுற்று கழன்றிருந்தது.

"காத்துக்குத்தானுங்களே இருக்கும்?" என்றார் ரங்கநாயகி.

"காத்துக்குக் கையா இருக்குது?" என்று எரிந்து விழுந்தார் அவர்.

சந்தேகம் வந்துவிட்ட மனிதருக்குச் சாட்சிக்கா பஞ்சம்? ராசப்பன் முளைப் பக்கம் நின்று பார்த்தால் வேவு. பார்க்காமல் போனால் கள்ளத்தனம். ராசப்பனின் மனைவி மெர்சி துணி காயப்போட வந்து, இவரைக் கண்டு உள்ளே போனதும் கணக்கில் சேர்ந்தது. ரங்கநாயகியின் நகப்பூச்சை எடுத்துத் திருகின் மேல் சிவப்பாக ஒரு கோடு போட்டார் திருமலைசாமி. மாடியில் கேமரா ஒன்றும் முளையைப் பார்த்தபடி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இறுக்கிவிட்டு வந்த கோடு நாலு மணிக்கு வேறு பக்கம் திரும்பியிருந்தது. கேமராவைப் பார்க்கக்கூடப் பொறுமையில்லை. நேராக ராசப்பன் வாசலுக்குப் போய் நின்றார்.

"ஏப்பா ராசப்பா! ஒரு ஷெட்டுக்காக எம்பட ஊட்டு மேல டவரச் சாச்சுப்போடுவியா?"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மெர்சி ஈரக்கையோடு ஓடிவந்தார். ராசப்பன் குரலை உயர்த்தவில்லை. "கேமரா வெச்சிருக்கீங்கல்ல சார். போட்டுப் பாருங்க."

திருமலைசாமி அங்கேயே போனை எடுத்து ஓடவிட்டார். பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை முளைப் பக்கம் ஒரு ஆடு மட்டும் வந்து போனது. படத்தைப் பெரிதாக்கினார். காற்று அடித்தபோதெல்லாம் கம்பி அதிர்ந்தது. அதிர அதிர, சிவப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தானே நகர்ந்து மறைந்து, மறுபடி சுற்றி வந்தது. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அந்தப் பூட்டுக் கம்பிய நீங்க வெட்டி வீசுன அன்னிக்கே பாத்தனுங்க" என்றார் ராசப்பன். "அது இல்லாட்டி திருகு கழண்டுக்கும்னு தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, அங்க உனக்கென்ன வேலைன்னு கேட்டிருப்பீங்க சார்."

கேட்டுத்தான் இருப்பார். அது அவருக்கே தெரிந்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேலே டவர் முனகியது. அவசரமாக முளைக்கு ஓடினார். இந்தக் காற்றில் கம்பியை ஒருவர் இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் திருகை முடுக்க முடியும்.

"ராசப்பன்," என்றார் திருமலைசாமி, "கொஞ்சம் வந்து புடிக்கறீங்களா?"

ராசப்பன் வந்தார். ஆனால் கம்பியைத் தொடவில்லை. மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"மறைக்காம இப்படிக்கா வந்து நில்லுங்க சார். எம்பட கை கேமராவுல தெரியட்டும்."