மேனேஜருக்கு ஒரு தோட்டம்

கடப்பாரை வேரில் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. அவள் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் ஓங்கினாள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளே குச்சி நட்டு வளர்த்த அரளி. லேசில் வருவதாக இல்லை.

"குத்தாதேக்கா. சுத்தி மண்ணெடு, தானா ஆடும்."

ஜன்னலோரம் திருப்பிப் போட்டிருந்த கட்டிலிலிருந்து தம்பியின் குரல் வந்தது. நேற்றைக்கு இருந்ததில் பாதிகூட இல்லை.

"பேசாம படுடா. மூச்சு வாங்குது உனக்கு."

"உனக்குந்தான் வாங்குது."

லாரி ஓட்டியவன். கல்யாணம், வீடு என்று எதிலும் தங்காதவன். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட பிறகு, ஒரு பையும் ஒரு நாயுமாக அக்கா வீட்டுப் படியேறினான். நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லார் வேலையையும் நின்று பார்ப்பதால் அவன் வைத்த பெயர். இப்போதும் அது சமையலறைக் கம்பிக்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் தோண்டுவதைக் கவனித்துக்கொண்டிருந்தது.

வந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பாட்டு. எனக்கப்புறம் இது இங்கேதான் இருக்கப்போகுது, தோட்டத்தை அதுக்கேத்த மாதிரி மாத்து. நத்தைக்குப் போடுற மருந்தைத் தூக்கிப் போடு. உரக்குழிக்கு மூடி போடு. வேலியோரம் செடி வேணாம், நாய் அங்கேதான் நடக்கும், பாதை விடு. எல்லாவற்றுக்கும் மேல் இந்த அரளி. நாலு இலை வயிற்றுக்குள் போனால் போதும், கதை முடிந்தது.

மற்றதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே செய்து முடித்தாள். அரளியை மட்டும் தொடவில்லை. "வேணும்னா நீயே எழுந்து வந்து பிடுங்கு" என்று சொல்லிவிடுவாள். செடிமேல் அவ்வளவு ஆசையா என்று பக்கத்து வீட்டு டீச்சர் கேட்டதற்கு ஆமாம் என்றாள். அது பொய். அந்த ஒரு வேலை பாக்கியிருக்கும்வரை அவன் போகமாட்டான் என்று நினைத்தாள்.

"காலையில வாசல்ல நின்னு நர்ஸ் என்ன சொன்னாங்க?"

"மருந்த மாத்தணுமாம்."

"ம். அதான் கடப்பாரைய எடுத்தியா?"

அவள் மண்ணை அள்ளி அள்ளிப் பின்னால் போட்டாள்.

"எரிச்சுடாதே. அந்தப் புகையும் ஆகாது. சாக்குல கட்டிக் குப்பை வண்டியில போட்டுடு."

"தெரியும்டா."

"ஒரு இலை கீழ கிடக்கக் கூடாது."

"தைச்ச துணியில குண்டூசிய விட்டுக் குடுக்குற ஆளா நான்?"

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தையற்கடையில் எத்தனையோ பேரின் தோளையும் இடுப்பையும் அளந்தவள் அவள். அவன் போட்டிருந்த சட்டைக்குள் தம்பி எவ்வளவு மிச்சமிருக்கிறான் என்று தினமும் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது வேர் முறிந்து, செடி மொத்தமாகச் சாய்ந்தது. இழுத்த வேகத்தில் அவளும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கிண்டல் ஒன்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"வந்துடுச்சுடா."

கிளைகளை வெட்டிச் சாக்கில் திணித்தாள். பிறகு முழங்காலிட்டு, உதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"இந்த எடத்துல என்ன வைக்கலாம் சொல்லு."

நிமிர்ந்து பார்த்தாள். கம்பிக்கதவுக்குப் பின்னால் நாய் இல்லை.

உடனே எழுந்து ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் இலைகளைப் பொறுக்கினாள். சாக்கின் வாயைக் கட்டினாள். குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள், திரும்பவும் கழுவினாள். உள்ளே அவன் முகம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. நாய் கட்டில் விளிம்பில் மோவாயை வைத்திருந்தது. அவள் தன் உள்ளங்கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அவன் நெற்றியில் வைத்தாள்.

டீச்சர்தான் வந்து எல்லாருக்கும் போன் செய்தாள். சாயங்காலத்துக்குள் கூடத்தில் இடமில்லாமல் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். லாரி ஆபீசிலிருந்து வந்தவர்கள் எங்கே நிற்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள். அவனை ஏற்றிப்போக வண்டி வந்தது, போனது.

"நாய எங்க வீட்டுல கட்டிப் போடட்டுமா? இன்னும் ஆளுங்க வருவாங்களே" என்றாள் டீச்சர்.

"வேணாம் டீச்சர். தோட்டத்துல விட்டுடறேன்."

"அங்க அந்த அரளி..."

"எடுத்தாச்சு."

டீச்சர் அவள் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தாள்.

அவள் கம்பிக்கதவைத் திறந்துவிட்டாள். நாய் மெதுவாக வேலியோரமாகவே நடந்து ஒரு சுற்று வந்தது. குழியருகே நின்று மோந்தது. உள்ளே இறங்கி, ஈர மண்ணைக் காலால் பறித்துப் போட்டு, உடம்பைச் சுருட்டிப் படுத்துக்கொண்டது.

குழியை மூடுவதற்காக எடுத்து வந்த மண்வெட்டியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மண்வெட்டியைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்தாள்.