மூலையில் ஒரு சிவப்பு டிக்

அக்காவின் உடலைக் கிடத்த இடம் வேண்டுமென்று கூடத்திலிருந்த எழுத்து மேஜையை நகர்த்தியபோது, அது ஆடாமலிருக்கக் காலடியில் மடித்து வைத்திருந்த உறை தங்கையின் கையில் தட்டுப்பட்டது. மேலே அக்காவின் பெயர். பிரித்தாள். மூட்டுவாத டாக்டரின் கடிதம், இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

'ரத்தத்தில் ஆன்டிபாடி முந்நூற்று நாற்பது. இருபதைத் தாண்டக் கூடாது. இவ்வளவு ஏறியவர்களுக்கு மூட்டோடு நிற்காமல் நுரையீரலும் கெடலாம். வறட்டு இருமல் இருப்பதால் உடனே நெஞ்சு ஸ்கேன் எடுத்து வரவும்.'

மூலையில் சிவப்பு மையில் ஒரு டிக். அக்கா புருஷனுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஒரு தாளைக் கடைசி வரிவரை படித்தால்தான் டிக் போடுவார்.

மனுஷன் படித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இதை வாங்கிப் படித்துவிட்டுத்தான், எல்லாம் நார்மல் என்று அக்காவிடம் வந்து சொல்லியிருக்கிறார். விரல் வலிக்கு நெஞ்சை எதற்குப் படம் பிடிப்பது, இவள் படுத்துக்கொண்டால் அடுப்படியை யார் பார்ப்பது என்று நினைத்திருப்பார். அக்கா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோதெல்லாம் வேலைக்கள்ளி என்றார். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒரு தடவை தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். நேற்று ஆஸ்பத்திரியில், நுரையீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரித்தார்கள்.

அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கத்தினால், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். சனம் சேரட்டும் என்று உறையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள்.

பதினோரு மணிக்குக் கூடம் நிறைந்தது. அச்சக முதலாளியும் வந்தார். திடீரென்று போய்விட்டாள், ஒரு அறிகுறிகூட இல்லை என்று அக்கா புருஷன் அவரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை எழுந்துபோய்க் கடிதத்தை அவரிடம் நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் சத்தமாப் படிங்க மாமா. உங்களுக்குத்தான் தப்பில்லாமப் படிக்க வரும்."

அவர் முகம் வெளிறியது. "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"அக்கா கேக்கட்டும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். படியுங்களேன் என்றார் முதலாளி. வேறு வழியில்லாமல் படித்தார். ஸ்கேன் என்ற இடத்தில் குரல் உள்ளே போனது. தேதியை விழுங்கப் பார்த்தார். அவள் விரல் வைத்துக் காட்டினாள். அதையும் படித்தார். தாளை மடிக்கப் போனார்.

"மறுபடியும் படிங்க மாமா. வாசல்ல நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.