கவட்டைக் கிருமியின் வெற்றி

உலகத்துக் கிருமிகள் அத்தனையும் மனிதனுக்கு எதிரி. மலாயாவில் சிகாமட் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் இந்த 1934-ஆம் வருஷத்தோடு அவை ஒழிந்துவிடும். தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் டிரஸர் சதாசிவம் இதைக் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் அறிவித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கையில் ஊசி இருந்தது.

ஒழிப்பின் முதல் படி டின் பால். ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் ஆயாக்கொட்டகையில் விட்டுப்போகும் கைக்குழந்தைகளுக்கெல்லாம் இனிமேல் புட்டிதான். டிரஸரின் மனைவி புஷ்பவள்ளி தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவர்களுடைய இரண்டு மாதப் பிள்ளைக்கும் பகல் முழுக்க அதே புட்டி.

காளியம்மா மட்டும் மசியவில்லை. மரம் வெட்டி முடித்ததும், மரப்பால் சேர்க்க மணி அடிக்குமுன், வாளியை மரத்தடியில் வைத்துவிட்டு மகளுக்குப் பால் கொடுக்க ஓடிவருவாள்.

"வேலை நேரத்துல பிள்ளையத் தேடி ஓடுறது ஆடு மாடு செய்ற வேலைம்மா!" என்றார் டிரஸர்.

"அதுங்க கன்னெல்லாம் கொழுகொழுன்னுதானே ஐயா இருக்கு?"

அவள் பேரைக் கூலிக் கணக்கிலிருந்து வெட்டச் சொல்லித் தோட்டத் துரையிடம் போனார் டிரஸர். டாக்டர் சொன்னால் வெட்டலாம் என்றார் துரை. மாதம் ஒருமுறை வரும் டாக்டர் ஐயாசாமிக்காக, காளியம்மா மகளின் மலத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காத்திருந்தார் டிரஸர். காளியம்மாவும் வாசலில் நின்றாள்.

"பாருங்க டாக்டர், அத்தனையும் கிருமி! ஊதா ஊதாவா குச்சி, முனையில கவட்டை வேற!"

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "அருமையான பிள்ளை. காத்துப் பட்டா வளராத கிருமி இது. தாய்ப்பால் குடிக்கிற குடல்ல உட்கார்ந்து புளிப்பு உண்டாக்கி, கெட்டதை அண்டவிடாது. உங்க பிள்ளையோடது இருக்கா?"

இருந்தது. சுத்தத்துக்கு உதாரணம் காட்டக் கொண்டுவந்திருந்தார். அதில் கவட்டைகள் நாலைந்துதான். மிச்சமெல்லாம் கண்ட கிருமிகளின் சந்தைக் கூட்டம்.

"வயிறு எப்படி?"

"எட்டு நாளா... போய்க்கிட்டே இருக்கு டாக்டர்."

"காளியம்மா மட்டுமில்ல, எல்லாத் தாய்மாரும் பால் கொடுக்க வரட்டும்னு துரைகிட்ட சொல்லிடுறேன்," என்று டாக்டர் எழுந்தார்.

மறுநாள் பத்து மணிக்குப் பதினொரு வாளிகள் மரத்தடியில் நின்றன. பதினொரு பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள், காளியம்மா முன்னால்.

"டிரஸரையா! மந்தை வந்திருக்கு, வாங்க!" என்று கொட்டகை வாசலில் கத்தினாள்.

அவர் அங்கே இல்லை. டிரஸர் பள்ளிக்கூடப் பின்வாசலில், பசியில் அழுகிற பிள்ளையைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வள்ளி," என்றார் ரகசியமாக, "கணக்குப் பாடம் அப்புறம் நடத்தலாம். கொஞ்சம் வா."