ஆஸ்பத்திரி மாதிரியே ஒரு மெயில்

"நம்ம கலர் கை வெச்சா கல்லுகூட வித்துப்போகும்!" என்று அந்தச் சின்ன அலுவலகத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார் மேலாளர். திரையில் ஒரு மின்னஞ்சல் விரிந்திருந்தது. மேலே அடர்நீலப் பட்டை, அதற்குக் கீழே "உங்கள் உடல்நலம்: உடனே கவனிக்கவும்" என்ற தலைப்பு. பார்த்தால் ஏதோ பெரிய மருத்துவமனை அனுப்பியது போலிருக்கும். உண்மையில் அது சத்து மாத்திரை விற்கும் ஒரு கம்பெனியின் விளம்பரம்.

கலர் என்பது அந்த மின்னஞ்சலை வடிவமைத்த இளைஞனுக்கு அலுவலகத்தார் வைத்த பட்டப்பெயர். ஒரு நீலத்துக்கும் இன்னொரு நீலத்துக்கும் நடுவில் அரைநாள் உட்கார்ந்து யோசிப்பான். கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம் எந்த வேலைக்குப் போகிறது என்று மட்டும் அவன் கேட்டதில்லை. சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்தக் கேள்வி எதற்கு என்று நினைத்தான். இப்படி நினைத்துக்கொண்டே ஊரைக் கெடுக்கிறவர்கள் எத்தனை பேர்!

விலைக்கு வாங்கிய பட்டியலில் பெயரும் போன் நம்பரும் இருந்த அத்தனை பேருக்கும் அந்த மின்னஞ்சல் தினம் போகும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் இருந்தது. யார் அதைத் திறந்தாலும், எத்தனை முறை திறந்தாலும், அந்தப் படம் அலுவலகக் கணினியிடம் கோள் சொல்லிவிடும். திரும்பத் திரும்பத் திறக்கிறவர்களுக்கு அலுவலகத்தில் 'பழுத்த ஆள்' என்று பெயர். பழுத்த ஆட்களுக்கு விற்பனைக்காரர்கள் விடாமல் போன் போடுவார்கள். "இனி அனுப்ப வேண்டாம்" என்று சொல்லவும் ஒரு வழி வைத்திருந்தார்கள், சட்டத்துக்குப் பயந்து. அதை வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தாக, அடிமட்டத்தில், பொடிப்பொடியாக வைத்ததும் கலர்தான். "இருக்கணும், ஆனா யார் கண்ணுலயும் படக் கூடாது" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அந்த நீலப் பட்டையை அவன் எங்கிருந்து எடுத்தான் தெரியுமா? அக்காவின் போனிலிருந்து. சலவைக்கடை நடத்தும் அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. மருத்துவமனைக்குத் துணையாகப் போயிருந்தான். ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் மின்னஞ்சலில் கூப்பிடுகிறோம் என்றார்கள். அதை உறுதிசெய்து அவள் போனுக்கு அங்கேயே நீலப் பட்டையோடு ஒரு மின்னஞ்சல் வந்தது. "சூப்பரா பண்ணியிருக்காங்கக்கா, எனக்கு இத அனுப்பு" என்றான் தம்பி. அக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவன் எழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் வேலையில் மூழ்கிவிட்டான். முடிவு என்னவாயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றும் வரவில்லை, அப்படியானால் ஒன்றுமில்லை என்று அக்காவும் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை அவன் சட்டைகளை வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, அங்கே சீருடை தேய்க்கக் கொடுக்கும், அந்த மருத்துவமனையின் நர்ஸ் உள்ளே வந்தாள்.

"என்னக்கா, டாக்டர் உங்கள வரச் சொல்லி மூணு மாசமாகப் போகுது. ஏன் வரவே இல்ல?"

"எப்ப வரச் சொன்னாரு? எனக்கு ஒண்ணும் வரலியேம்மா."

"மெயில் அனுப்பினோமே. போன் பண்ணாலும் கட் பண்ணிடுறீங்க."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அடப் பாவிங்களா! அந்த நீலத்துல தெனம் ஒண்ணு வருதும்மா. மொத தடவ ஆஸ்பத்திரின்னு நெனச்சுப் பதறிப்போய்த் தொறந்தேன். பாத்தா மாத்திர வாங்குங்கறான். இத நிறுத்துறதுக்கு வழி இருக்கான்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டு தொறந்து தொறந்து தேடினேன். தேடத் தேட இன்னும் நெறைய வருது, போனும் வருது. அப்புறம் நீலம்னாலே அழிச்சிட்டேன். தெரியாத நம்பர்னாலே கட் பண்ணிட்டேன்."

நர்ஸ், "திங்கக்கெழம காலையிலயே வந்துடுங்கக்கா, தள்ளிப் போடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா போனைத் தம்பியிடம் நீட்டினாள். "இத எவன் பண்ணான்னு உனக்குத் தெரியுமாடா? நீயும் இந்த வேலதானே பாக்குற?"

"நான்தான்க்கா பண்ணேன்."

அவள் சட்டைகளை அவன் பக்கம் தள்ளிவிட்டுக் கடையைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அது புற்றுநோய்தான். "கூப்பிட்டப்பவே வந்திருந்தீங்கன்னா அந்தக் கட்டிய மட்டும் எடுத்திருப்போம். இப்ப அக்குள் வரைக்கும் வந்திருக்கு. வைத்தியம் கொஞ்சம் கடுமையா இருக்கும்." அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

கலர் நேரே அலுவலகம் போனான். பழுத்த ஆட்களின் வரிசையில் எல்லோருக்கும் மேலே அக்காவின் பெயர் இருந்தது. பக்கத்தில், 'ரொம்ப ஆர்வம், விடாதீங்க' என்று மேலாளர் எழுதியிருந்தார்.

"இது ஆர்வம் இல்ல சார். நிறுத்தச் சொல்ல வழி தேடியிருக்காங்க. இது எங்கக்கா. நெஜ ஆஸ்பத்திரி கூப்பிட்டத நம்ம மெயில்னு நெனச்சு அழிச்சிட்டாங்க."

"ஐயோ, பாவமே! அவங்க பேர இப்பவே எடுத்துடலாம்ப்பா" என்றார் மேலாளர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"எங்கக்கா பேர எடுத்துடுவீங்க. மத்தவங்க அக்காவ என்ன பண்ணுவீங்க?"

"சட்டப்படி எல்லாம் சரியாத்தானே இருக்கு? உணர்ச்சிவசப்படாத. நாளைக்கு அடுத்தது போகணும், தலைப்ப மட்டும் இன்னும் கொஞ்சம் பயமுறுத்துற மாதிரி மாத்திக் குடு."

அவன் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நாள் முன்புவரை தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. "நீங்களே போட்டுக்குங்க சார்" என்று அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வீசிவிட்டு வெளியேறினான்.

சாயங்காலம் அக்காவின் கட்டிலருகே போய் நின்றான். "வேலைய விட்டுட்டேன்க்கா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளாய் அடக்கி வைத்த கோபமெல்லாம் அவள் குரலில் வந்தது.

"நீ விட்டுட்டா என் ஒடம்பு சரியாயிடுமா? உன் நாக்காலியில நாளைக்கே இன்னொருத்தன் வந்து உக்காருவான். திருடன் திருடன் மாதிரியே வந்தா கதவச் சாத்திக்கலாம்டா. நீ அவனுக்கு டாக்டர் வேஷம் போட்டு அனுப்பின. நான் நெஜ டாக்டர் மூஞ்சியிலயே கதவச் சாத்திட்டேன். பொய்ய நெஜம் மாதிரி ஜோடிச்சு அனுப்புறவன் காச மட்டும் திருடலடா, ஆபத்துல கூப்பிடுற நெஜத்த நம்புற புத்தியையே திருடிடுறான். இத என்கிட்ட நின்னு அழாத. உன்ன மாதிரி எத்தன பேரு உக்காந்து வேல செய்யுறானோ, அத்தன பேருகிட்டயும் போய்ச் சொல்லு!"