பலவேசம் அண்ணாச்சி போட்ட ஸ்டார்கள்

நாரணாபுரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியைப் போன வருடம் ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. அதற்குப் பிறகு எங்களை யாரும் தொழிலாளிகள் என்று சொல்வதில்லை, குடும்பம் என்கிறார்கள். யூனிட் தலைவராகச் சென்னையிலிருந்து சரவணக்குமார் சார் வந்தார். மாதம் ஒரு கூட்டம் போட்டு, மனம் திறந்து பேசுங்கள் என்பார். யாராவது வாய் திறப்பதற்குள் அவருக்குப் பசி வந்துவிடும்.

பேச விஷயம் இல்லாமல் இல்லை. பதினாலாம் ஷெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து திரி சொருகும் கனகமணி அக்காவுக்குச் சர்க்கரை. கழிப்பறையோ கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே ஓடக் கூடாது என்பது விதி. நடந்து போய் வர இருபது நிமிடம். அதற்குப் பயந்தே அக்கா பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. இப்படியே இருந்தால் கிட்னி போய்விடும் என்று சிவகாசி டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து கருத்துக் கணிப்பு வந்தது. ஒவ்வொருவர் போனுக்கும் ஒரு லிங்க். சாப்பாட்டு இடம், கழிப்பறை, தலைமை என்று எல்லாவற்றுக்கும் ஸ்டார் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரைக்கும்தான் அது திறந்திருக்கும்.

பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது என்பதைச் சென்னையில் யாரும் யோசிக்கவில்லை. எட்டு மணிக்கே எங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு போன்களும் கேட்டில் வாட்ச்மேன் பலவேசம் அண்ணாச்சியிடம் போய்விடும். நூற்றுக்கு நூறு பேரும் போட்டாக வேண்டும் என்று சார் தவித்ததைப் பார்த்து, அண்ணாச்சி தானே பொறுப்பேற்றார். எப்படி என்று சார் கேட்கவில்லை. நாங்கள் வரிசையாக நின்று போன் பூட்டைத் திறக்கும் எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே போனோம். எங்கள் ஷெட்டு மாரிசெல்வியின் போனில் யார் படம் இருக்கிறது என்று அன்று பார்த்துவிட்ட அண்ணாச்சி, இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. கழிப்பறையை மறந்துவிடாதீர்கள் என்று கனகமணி அக்கா இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி மறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கோப்பை இருந்தது. நிறுவனத்திலேயே அத்தனை பேரும் கருத்துச் சொன்ன ஒரே யூனிட் எங்களுடையதாம். சார் முடிவுகளை வாசித்தார். கழிப்பறைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஐந்து ஸ்டார். குறை ஒன்றே ஒன்றுதான்: கேட்டில் இருக்கும் நாற்காலிக்குக் கால் ஆடுகிறது. அதையும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். குடும்பத்தின் குரலை நிறுவனம் கேட்டுவிட்டது, நாளைக்கே சுழலும் நாற்காலி வருகிறது என்றார் சார்.

கனகமணி அக்கா எழுந்தார். "கக்கூசு ரொம்ப தூரம் சார். எங்களால முடியல."

"நீங்களும்தானே அஞ்சு ஸ்டார் போட்டிருக்கீங்க?"

அக்கா பின்வரிசையில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அண்ணாச்சிக்கு வேலை போகும். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சிதான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "அம்புட்டு ஸ்டாரும் நான் போட்டது சார். எனக்குக் கக்கூசு நாலு எட்டுல இருக்கு. அந்த நெனப்புலயே போட்டுட்டேன்."

சாரின் கை தானாகக் கோப்பையைப் பிடித்துக்கொண்டது. அதைப் படமெடுக்கத் திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது.

அக்கா மறுபடியும் எழுந்தார். "கப்பு இங்கனயே இருக்கட்டும் சார். நாங்க யாருகிட்ட சொல்லப் போறோம்? அண்ணாச்சியும் கேட்டுலயே இருக்கட்டும். கக்கூசு மட்டும் எங்க ஷெட்டுக்குக் கிட்ட வரட்டும்."

சார் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், எவ்வளவு கிட்ட என்று கேட்டார். ஷெட்டுக்கு விதிப்படி விட வேண்டிய இடைவெளியை விடுங்கள், அதற்குமேல் ஓரடிகூட விடாதீர்கள் என்றார் அக்கா.

மறுநாள் கொத்தனார் வந்தார். அளக்கும் டேப்பின் ஒரு முனையை அக்கா பிடித்துக்கொண்டு நடந்தார். மறுமுனையைச் சரவணக்குமார் சார் பிடித்திருந்தார்.