இளங்கீரன் இளங்கீரன்

1.
இந்தக் கதை ஓர் இணையப் பக்கத்தில் தொடங்கியது. பெயரைத் தட்டினால் அதன் தோற்றத்தையும் பிரபலத்தையும் சொல்லும் பக்கம். குடும்பப் பெயர்களைக் குழந்தைகளுக்கு வைப்பதுதான் இப்போதைய மோகம் என்றது. 'இளங்கீரன்' என்று தட்டினேன். தோற்றம்: தெரியவில்லை. பிரபலம்: தரவு போதாது.

அந்தப் பதில் என்னை உட்காரவிடவில்லை.

2.
முதல் தொடக்கம்: ஹம்பேர்க் துறைமுகத்தின்மேல் மழை மெல்ல

வேண்டாம். துறைமுகத்துக்கு இதில் வேலையில்லை.

இரண்டாம் தொடக்கம்: சிவகௌரி நிறைமாதம். கணவன் அபிராமின் தகப்பன் இளங்கீரன் மாசியில் இறந்துபோனார். யாழ்ப்பாணத்தில் என்றால் அவர் பெயர் மகனுக்கு வெறும் முன்னெழுத்து. ஜெர்மனியில் அது குடும்பப் பெயராகி, மருமகளுக்கும் ஒட்டிக்கொண்டது: 'ஃபிராவ் இளங்கீரன்', அதாவது திருமதி இளங்கீரன். இப்போது அபிராம் அதையே பிள்ளைக்கு முதற்பெயராகவும் வைக்க நிற்கிறான்.*

"இளங்கீரன் இளங்கீரனோ? கிணத்துக்குள்ள கத்தின மாதிரிக் கிடக்கு."

"கிடக்கட்டும். அப்பான்ர பேர் ரெண்டு தரம் கேக்கும்."

"என்னால ஏலாது. மாமான்ர பேரை நான் ஒருக்காலும் சொன்னதில்லை."

"சும்மா கதையாதையும். டொக்டருக்கு ஃபோன் அடிச்சு 'ஃபிராவ் இளங்கீரன்' எண்டுதானே சொல்லுறீர்?"

"அது எங்கட ரெண்டு பேரின்ர குடும்பப் பேர். மாமா இல்லை. பிள்ளை எண்டா, மூக்கைத் துடையடா, சப்பாத்தைக் கழட்டடா எண்டு கத்தவேணும். மாமாவைப் பாத்தோ?"

அபிராம் சிரித்தான். பிறகு, "அந்தப் பேரில இனி எனக்கு ஆர் இருக்கினம்?" என்றான்.

* பதிவு அலுவலகம் சம்மதிக்குமா என்று நான் தேடவில்லை. சம்மதிக்காது என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

3.
சிவகௌரியை நான் நம்பவில்லை. ஹம்பேர்க்கில் பிறந்தவளுக்கு இவ்வளவு கூச்சமா? [அவளைத் துணிச்சல்காரியாக்கி ஒரு பக்கம் எழுதினேன். பொம்மைபோல் நின்றாள்.] பிறகு இது கிடைத்தது: மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வரவேற்பில் அவருடைய முதற்பெயரைக் கேட்டார்கள். அவள் வாயால் சொல்லாமல், பெயர் அச்சிட்டிருந்த அவருடைய காப்புறுதி அட்டையை நீட்டினாள். படுத்திருந்தவர் அதைப் பார்த்துப் புன்னகைத்தார். அபிராமுக்கு இது தெரியாது.

4.
முடிவு அ: சம்மதிக்கிறாள். வீட்டில் 'குட்டி' என்றே கூப்பிடுகிறாள். உண்மைப் பெயரைத் தபால்காரர் மட்டும் சொல்கிறார்.

முடிவு ஆ: வேறு பெயர். அபிராம் சரி என்கிறான். அன்றிலிருந்து அவன்

(இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது.)

முடிவு இ: நான் இப்படித் தயங்கிக்கொண்டிருக்கையில் பிள்ளை பிறந்துவிட்டது. சிவகௌரியின் நெஞ்சில் கிடத்தியிருக்கிறார்கள். வீரிட்டு அழுகிறது. "பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பிள்ளைக்கு உங்கள் குரல் தெரியும்" என்கிறாள் மருத்துவத் தாதி. அபிராம் கட்டிலோரம் நிற்கிறான். முந்திக்கொண்டு அவனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை.

அவள் வாயைத் திறக்கிறாள்.

இங்கே நான் ஒரு பெயரை எழுதினால் அது நான் வைத்த பெயராகிவிடும். எனக்கு அந்த உரிமை இல்லை. உங்களுக்கும் இல்லைதான். ஆனால் பிள்ளை அழுகிறது, யாராவது கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடுங்கள். மாமனாரின் பெயர்தான் என்றால் கொஞ்சம் மெதுவாக. அவளுக்கு அது பழக்கமில்லை.