நான்கு விரல் இறக்கம்

அக்டோபர் மாதம் எங்கள் ஊரில் எல்லோரும் பனிக்குப் பயந்து வண்டியின் உயரத்தை ஏற்றிக்கொள்வார்கள். நான் என் காரை இன்னும் நான்கு விரல் கீழே இறக்கினேன். உயரமாக நின்றால் அது அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி காலைப் பரப்பி நிற்கிறது, பெட்ரோல் பங்கில் சிரிக்கிறார்கள். நாற்பத்தோரு வயதில் இதெல்லாம் ஒரு கவலையா என்று கேட்காதீர்கள். எனக்கு இருந்தது.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குக் கயானி நகரத்தில் பள்ளி வாசலிலிருந்து என் மகள் கெர்த்துவை அழைத்துவர வேண்டும். முந்தைய இரண்டு முறையும் பனியில் சிக்கித் தவறவிட்டிருந்தேன். என்னை விட்டுப் பிரிந்துபோன மனைவி ஹென்னா போனில் நிதானமாகச் சொன்னாள்: "எஸ்கோ, இந்தத் தடவையும் புள்ளைய வாசல்ல நிக்க வெச்சீன்னா, இனிமே பனி உருகினப்புறம்தான் அவளப் பாக்கலாம்."

ஒன்றரை மணிக்குக் காட்டுப்பாதையில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே இருந்த பனிமேட்டைக் காரின் முன்பக்கம் கலப்பை மாதிரி வாரிக்கொண்டே போய், கடைசியில் வயிறு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. சக்கரங்கள் தரையில் படாமல் சுழன்றன. ஆக்சிலேட்டரை மிதித்தேன், மிதித்தேன். அப்போதுதான் ஒரு நாற்றம் ஹீட்டர் வழியாக உள்ளே வந்தது.

மண்வெட்டியோடு அடியில் படுத்துப் பார்த்தேன். கடமான் குடல். காலையில் பெய்த பனி அதை மூடியிருந்தது. கல்லாக உறைந்து கிடந்ததை என் சூடான புகைக்குழாய் இளக்கிவிட்டது. பித்தமும் பாதி செரித்த தழையுமாகப் பச்சைக் கூழ் கையுறைக்குள், கழுத்துக்குள் வழிந்தது. ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது. வாந்தி எடுத்தேன். படுத்த நிலையில் எடுக்கக்கூடாது என்பதை அன்றுதான் கற்றேன்.

டிராக்டர் சத்தம் கேட்டது. வேட்டைக்காரி ரைலி, பக்கத்துப் பண்ணைக்காரி.

"யோவ் எஸ்கோ, அடியில என்னய்யா பண்றே?"

"குடல் யாருதுன்னு தேடுறேன்."

"அட, என்னோடதா! நரிக்கு இரையாப் போட இழுத்துட்டுப் போனேன், வழியில விழுந்திருக்கும். எல்லா வண்டியும் அதுக்கு மேலதானே போச்சு? உன்னுது மட்டும் ஏன்யா பாம்பு மாதிரி வயித்தால ஊருது?"

"சீக்கிரம் இழு ரைலி. கெர்த்து நிப்பா."

சிரிப்பை அப்படியே நிறுத்திவிட்டுச் சங்கிலியை மாட்டினாள்.

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பள்ளி வாசலை அடைந்தேன். வழியெல்லாம் நான்கு கண்ணாடியும் திறந்திருந்தன. வெளியே மைனஸ் பதினெட்டு. புகைக்குழாயில் குடல் தீய்ந்துகொண்டே வந்தது.

கதவைத் திறந்த கெர்த்து அதே வேகத்தில் மூடினாள்.

"உவ்வே! அப்பா, உள்ள யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லடா. உக்காரு, போகப் போகப் பழகிடும்."

"எனக்குப் பழக வேணாம். பஸ்ல போலாம் வா."

காரை அங்கேயே விட்டுப் பஸ் ஏறினோம். நான் உட்கார்ந்ததும் முன்வரிசை காலியானது. பிறகு பின்வரிசை. ஒரு கிழவர் தன் நாயையும் தூக்கிக்கொண்டு போனார். நாய் மட்டும் போக மனமில்லாமல் என்னையே பார்த்தது.

கெர்த்து கழுத்துத் துண்டை மூக்கின்மேல் இரண்டு சுற்று சுற்றி இறுக்கி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கார ஏத்திடுவியாப்பா?"

"நாளைக்கே. நாலு விரல்."

"எட்டு," என்றாள் துண்டுக்குள்ளிருந்து.